புங்கந்தோப்பின் சருகு

எங்கள் கழனி திருப்பருத்திக்குன்றத்தில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது. கழனிக்கு மேட்டுப்பக்கம் ஒரு புங்கந்தோப்பு. அதுவும் எங்களுடையதுதான். தோப்புக்கு அந்தாண்டை மேய்க்கால். ஊர் ஆடு மாடெல்லாம் மேய்கிற பொதுநிலம். ஆவாரை, கொழிஞ்சி, அங்கங்கே வேலமரம். மழை பெய்தால் மேய்க்கால் தண்ணீர் தோப்புக்குள் வரும். தோப்புத் தண்ணீர் கழனிக்குள் இறங்கும்.

கழனிக்கு ஏரிப்பாசனம் உண்டு. ஆனால் அதற்குச் சோறு போட்டது தோப்புதான். வருஷா வருஷம் சம்பா நடவுக்கு முன்னால் புங்கங்கிளைகளைக் கழிப்போம். தழையைச் சேற்றில் போட்டு மிதிப்போம். எருவுக்கு எலும்புத்தூள் எங்கள் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் ஜைனர்கள், ஊரில் நயினார் என்பார்கள். மாடு இரண்டுதான். அந்தச் சாணம் வறட்டிக்கே பத்தாது. ஆகவே தழைதான் எரு. மீதியைத் தோப்பே பார்த்துக்கொள்ளும். உதிர்ந்த இலை மக்கி, மழையோடு கரைந்து, தானாகக் கீழே வரும். தோப்பு மண்ணைக் கால் கட்டைவிரலால் தள்ளினால் போதும், பொலபொலவென்று கறுப்பாக விழும். உள்ளே மண்புழு நெளியும்.

அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த வருஷங்கள் அவை. டவுனில் ரேஷன் கடை வரிசை எவ்வளவு நீளம் என்று தினம் யாராவது வந்து சொல்வார்கள். கழனி விளைந்தால் எங்களுக்குச் சோறு. விளையாவிட்டால் நாங்களும் அந்த வரிசையில் நிற்கவேண்டியதுதான். மாமியார், மாமனார், பிள்ளைகள் என்று வீடு நிறைய வாய்கள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். தொல்லையே அதில்தான். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். இல்லை என்று சொன்னால் கேட்டவர் மனசு நோகும், அதுவும் ஹிம்சைதான் என்பார். என் மனசு அந்தக் கணக்கில் வராது போலிருக்கிறது.

டவுனில் பட்டு நெய்கிற முதலியார் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்களாம். பஸ்ஸை அந்த வழியே திருப்பிவிட்டார்களாம். பாவு விரிக்க இடமில்லை என்றார். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவிடுவார்கள். வெயில் உறைக்கக்கூடாது. நீளமாக, நிழலாக ஓர் இடம் வேண்டும். எங்கள் தோப்பில் மரங்கள் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவில் நேராக ஒரு சந்து. அது அவர் கண்ணில் பட்டிருந்தது.

இவர் தலையாட்டினார். கிளை கழித்தால் நிழல் போய்விடும், அதனால் கிளையில் கை வைக்கவேண்டாம் என்று முதலியார் கேட்டார். அதற்கும் தலையாட்டினார்.

இவர் உடம்பில் பட்டு பட்டதே கிடையாது. புழுவை வேகவைத்து எடுக்கிற நூல் என்று கல்யாணத்துக்கே பருத்தி வேட்டிதான் கட்டினார். அந்தப் பட்டுக்குத்தான் தோப்பைக் கொடுத்தார். அதைக் கேட்டேன். நெய்கிறவர் பேரில் என்ன தப்பு என்றார். நடவுக்குத் தழை எங்கே என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் வேகவதி ஆற்று மணலைத் தாண்டி ஐந்தாறு பேர் பாவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். வந்ததும் முதலில் துடைப்பத்தை எடுத்தார்கள். பட்டு இழையில் ஒரு குச்சி சிக்கினாலும் போயிற்று. அதனால் பாவு விரிக்கிற இடத்தைத் துளி தூசியில்லாமல் பெருக்குவது அவர்கள் வழக்கம். தெருவில் அது சரி. இங்கே இருந்தது தோப்பு. மேலே கிடந்த சருகு, அதற்கடியில் பாதி மக்கினது, அதற்கும் அடியில் கறுத்துப் போனது, எல்லாவற்றையும் வழித்தார்கள். வெறும் மண் தெரிந்தபிறகுதான் நிறுத்தினார்கள். பிறகு தண்ணீர் தெளித்தார்கள். நாள்தோறும் அதன்மேல் நடந்தார்கள். ஒரு மாதத்தில் தோப்பு கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. கோலம்தான் பாக்கி.

பெருக்கியதைக் குவித்து நெருப்பு வைத்தார்கள்.

அப்போது மட்டும் இவருக்குக் கோபம் வந்தது. குவியலுக்குள் இருக்கிற புழு பூச்சி என்ன ஆகும் என்று கேட்டார். முதலியார் நல்லவர். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனிமேல் இங்கே தீ வைக்கமாட்டோம் என்றார். அன்றிலிருந்து சருகைக் கோணியில் அடைத்து, டவுனில் சாயம் காய்ச்சுகிற பட்டறைக்கு வண்டியில் அனுப்பினார்கள். அங்கே அடுப்பெரிக்க. இவருக்கு நிம்மதி.

"அங்க போயி எரிஞ்சா அந்தப் புழு சாவாதா?" என்றேன்.

"நம்ம தோப்புல எரிக்கலையே" என்றார்.



சருகைக் கழனியிலாவது கொட்டச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அவர்களும் நாலைந்து நாள் வரப்போரம் கொட்டினார்கள். காய்ந்த இலை கிடந்த இடத்தில் கிடக்குமா? காற்றில் எழும்பிப்போய், கஞ்சி ஈரம் காயாத பாவிலேயே ஒட்டிக்கொண்டது. அவர்கள் அதை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்த கதையை முதலியார் இவரிடம் சொல்லி அழாத குறை. பிறகு மறுபடியும் கோணி, மறுபடியும் வண்டி.

முதல் வருஷம் கழனியில் ஒன்றும் தெரியவில்லை. பழைய சத்து இருந்தது. வீணாகப் பயந்தாயே என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோப்பில் மட்டும் மண்புழு மண் குவிக்கிறது நின்றுபோயிருந்தது.

இரண்டாவது வருஷமும் தழை இல்லை. கிளையில் கை வைக்கக்கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. ஐப்பசி மழை தோப்பில் விழுந்து, உள்ளே இறங்காமல், சிமெண்டுத் தரையில் ஓடுகிற மாதிரி ஓடியது. கழனிக்குச் செம்மண் தண்ணீராக வந்து, மேல் பாத்தி முழுக்க மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. பயிர் சாண் உயரத்தில் மஞ்சளாக நின்றது. களத்தில் தூற்றியபோது பாதி பதர்.

இவர் சொசைட்டியில் யூரியா வாங்கி வந்தார். அடுத்த சம்பாவுக்குப் போட்டார். பயிர் கறுகறுவென்று எழுந்தது. ஊரே வந்து பார்த்தது. இவருக்குக் குஷி. நானும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு பூச்சி வந்தது. தளதளவென்று இருக்கிற பயிரைத்தான் பூச்சிக்குப் பிடிக்குமாம். மருந்து அடிக்கச் சொன்னார் சர்க்காரிலிருந்து வருகிற கிராம சேவக். இவர் அடிக்கவில்லை.

"யூரியா போட்டீங்க இல்ல, மருந்தும் அடிங்க" என்றேன்.

"கொல்றதுக்கா பயிர் வெச்சோம்? அதுங்களுக்கும் பசிக்குது" என்றார்.

பூச்சி தின்று மிஞ்சியதைக் காற்று சாய்த்தது. அந்த வருஷம் மாசியிலேயே வீட்டில் நெல் தீர்ந்துவிட்டது. ரேஷன் கடைக்கு நான்தான் போனேன். இவர் போனால் முன்னால் நிற்கிறவனுக்கு வழிவிட்டுக்கொண்டே கடைசிக்குப் போய்விடுவார்.

அடுத்த நடவுக்கு நான் மேய்க்காலுக்குப் போய்த் தழை வெட்டினேன். ஆவாரை, கொழிஞ்சி, கையில் கிடைத்தது எல்லாம். தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேற்றில் போட்டேன். ஊரில் இன்னும் சிலர் அப்படி வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருஷம் பயிர் கொஞ்சம் தேறியது. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தடவை வெட்டினால் ஆவாரை மறுபடி துளிர்க்கவில்லை. புதர் இருந்த இடம் வெளுத்தது. மழைத் தண்ணீர் அங்கே விரல் ஆழத்துக்குக் கோடு கிழித்தது. புதர் இருந்த இடத்து மண்ணும் இல்லாத இடத்து மண்ணும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்று கையில் உதிரும். இன்னொன்று ஓடு மாதிரி.

மேய்க்காலில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா உண்டு. என்னைவிட வயசு கூட. வாய் ரொம்பக் கூட. ஒருநாள் நான் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா நயினாரம்மா, மொட்டையடிக்கிறதுன்னு வேண்டுதலா?"

நான் நிமிராமல் வெட்டினேன்.

"என் ஆட்டுக்கு வாயில மண்ணையா வெக்கிறது? உன் தோப்புத் தழைய டவுன்காரனுக்குக் குடுத்துட்டு என் புதரை வெட்ட வந்துட்டே. புருஷன் தர்மம் பண்ணுவான், பொஞ்சாதி திருடுவா. நல்லா கீது உங்க குடும்பம்."

"பொறம்போக்குதானே" என்றேன்.

"ஆமா. உனக்கு மட்டும் பொறம்போக்கு."

பேஜாராகிவிட்டது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெட்டியதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெட்டியதை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு எனக்கு நல்ல மனசு கிடையாது. கோடை உழவில் போட்டு மடிக்கக் கழனி காத்துக்கொண்டிருந்தது.

வருகிற வழியில் அவள் ஆடுகள் படுத்தெழுந்த ஓர் இடம் இருந்தது. ஒற்றை வேலமரம். வெயில் நேரத்தில் எல்லா ஆடும் அதன் நிழலில்தான் கிடக்கும். சுற்றிலும் வெளுத்த மண், அந்த மரத்தடி மட்டும் கறுப்பு. புழுக்கை, மூத்திரம், வேல இலை, காய்த்தோடு எல்லாம் சேர்ந்து மிதிபட்டுக் கிடந்தது. முதல் மழைக்கு அங்கேதான் புல் முதலில் முளைக்கும். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குச் சுமையை இறக்கிவைத்து நின்று பார்த்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவளைத் தேடிப் போனேன். பங்குனி வெயில். என் தோப்பில் பட்டி போட்டுக்கொள் என்றேன். ராத்திரிக்கு மட்டுமல்ல, உச்சிப் பொழுதுக்கும் ஆடுகள் அங்கேயே படுக்கட்டும். நான் உன் மேய்க்காலில் கத்தி வைக்கமாட்டேன்.

அவள் நம்பவில்லை. "பட்டுக்காரங்க தொரத்துவாங்களே" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரைப் போயி கேளு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வெற்றிலைப் பல் எல்லாம் தெரிந்தது.

சாயங்காலம் வந்தாள். நாங்கள் பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடுவோம். இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குட்டிகளுக்கு வெயில் தாங்கவில்லை, நாக்கைத் தொங்கப்போடுகிறது, நிழலில் ஓர் இடம் வேண்டும் என்று அழுதாள். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தாள். இவர் தலையாட்டினார். முதலியார் வருவாரே என்று அப்போது இவருக்குத் தோன்றவேயில்லை. கேட்கிறவள் எதிரில் நிற்கும்போது அங்கே இல்லாத ஆள் இவர் ஞாபகத்துக்கு வரமாட்டார்.

பாவு வராத இரண்டு நாளைக்கு ஆடுகள் தோப்பில் கிடந்தன. மூன்றாம் நாள் விடியலில் முதலியார் ஆட்கள் பாவோடு வந்தார்கள். தரை முழுக்கப் புழுக்கை. மூத்திர வாடை தூரத்திலேயே அடித்தது. ஒரு கிடா முதலியாரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியது. பாவு சுமந்தவன் வரப்பிலேயே நின்றுவிட்டான். பட்டில் அந்த வாடை ஏறினால் எந்தக் கடையில் எடுப்பார்கள்?

முதலியார் நேரே வீட்டுக்கு வந்தார்.

"இன்னா நயினாரே இது?"

"வாயில்லா ஜீவன். வெயில் தாங்கலயாம்" என்றார் இவர்.

"எனக்கு வாயி இருக்குது, அதனால நான் வெயில்ல நிக்கிறதா?"

இவர் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்துவிட்டார். ஒருவரைப் போகச் சொல்லவேண்டும். அது அவருக்கு வராது. உத்தரத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

முதலியாரும் என்னைப் பார்த்தார். "யம்மா, இது உன் வேலைதானே?"

"ஆமா" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெருக்கினது ஒரு தப்பாம்மா? குப்பையைத்தானே எடுத்தோம்" என்றார். அவர் மனசார அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் அவரைக் கழனிக்கு அழைத்துப் போனேன். மேல் பாத்தியில் மணல் மூடிக் கிடந்ததைக் காட்டினேன். தோப்பில் மம்மட்டியை ஓங்கிப் போட்டுக் காட்டினேன். மம்மட்டி டங்கென்று எகிறியது. தோப்பின் வேலியோரம், அவர்கள் பெருக்காத மூலையில் போட்டேன். பாதி இறங்கியது.

"எடுத்துக்கினு போனது குப்பை இல்ல. எங்க சோறு" என்றேன்.

முதலியார் குனிந்து அந்த மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் சோறுதானே" என்றார்.

அதுவும் நியாயம்தான். தோப்புக்கு மேற்கே வண்டிப்பாதை இருக்கிறது, விடியற்காலை நிழல் அங்கேதான் விழும், அங்கே விரித்துக்கொள்ளுங்கள், எங்கள் வண்டியை அந்த நேரத்துக்கு விடமாட்டோம் என்றேன். பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கட்டும். அங்கே சில மாதம் விரித்தார்கள். வெயில் சீக்கிரம் ஏறிவிடுகிறது, புழுதி வருகிறது, ஆட்டு வாடை வருகிறது என்று தினம் ஒரு குறை. இவர் தினம் அதைக் கேட்டு வந்து எனக்குச் சொல்வார். பிறகு டவுனிலேயே ஏதோ குளக்கரையில் இடம் கிடைத்துப் போய்விட்டார்கள். முதலியார் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இவருக்கு அதில் வருத்தம். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வாரம் வீட்டில் வேலை சுலபமாக நடந்தது.

ஆடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை. தானாக முளைத்த புங்கங்கன்று ஒன்றைக்கூட ஆடுகள் விடவில்லை. கடித்துக் குச்சியாக்கின. அடிமரத்தில் உடம்பைத் தேய்த்துப் பட்டையைக் கிளப்பின. உன் ஆட்டைக் கட்டி வை என்றால், கட்டிவைத்த ஆடு புழுக்கையை ஒரே இடத்தில்தான் போடும், பரவாயில்லையா என்று அந்த அம்மா எகத்தாளம் பேசினாள். கன்றுகளைச் சுற்றி முள் போட்டேன். முள்ளையும் இழுத்துப் போட்டன. ஒரு கோடை முழுக்க எனக்கும் ஆட்டுக்கும் அதுதான் வேலை. ஆடி பிறந்ததும் பட்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்தாள். திட்டிக்கொண்டேதான் எடுத்தாள்.

அந்தச் சம்பாவுக்குக் கிளை கழிக்கப் போனோம். இவர் தயங்கினார். வாக்குக் கொடுத்தேனே என்றார். வாக்கு வாங்கினவர் குளக்கரைக்குப் போய்விட்டார், கொடுத்தது நீங்கள், நான் கொடுக்கவில்லை என்று கத்தியை நானே எடுத்தேன். ஓர் ஆளிடம் கொடுத்து மரமேற்றினேன். பாதி மரத்தில் மட்டும்தான். அந்த வருஷங்களில் மரமும் மெலிந்திருந்தது. இலை சிறுத்து, உச்சிக்கிளைகள் சில காய்ந்து நின்றன. தன் இலை தன் காலடியில் விழாத மரம் எதைத் தின்னும்?

விளைச்சல் சுமார். வீட்டுக்குப் பற்றாது என்றாலும் ரேஷன் வரிசைக்குப் பாதி வருஷம் போகவில்லை. தோப்பில் இலை உதிர்ந்து உதிர்ந்தபடி கிடந்தது. யாரையும் துடைப்பத்தோடு உள்ளே விடவில்லை. மாமியார் ஒருநாள் அடுப்புக்கு என்று கூடையில் சருகு அள்ளப் போனார். அவரிடம்கூடச் சத்தம் போட்டேன். மருமகள் சருகுக்குச் சண்டை போடுகிறாள் என்று தெருவெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன்.

மறு கோடையில் பட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை கன்று இருக்கிற பக்கம் வராதபடி மூங்கில் படல் கட்டினோம். அதற்கடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கழனிக்குப் போனேன். இவர் முன்னாலேயே போய், தோப்புத் தண்ணீர் கழனிக்குள் இறங்குகிற வாய்மடை பக்கத்தில் மம்மட்டியோடு நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் முன்னைப் போலத் திமுதிமுவென்று வரவில்லை. மெதுவாக வந்தது. மணல் இல்லை. காப்பி டிகாஷன் நிறத்தில், மக்கிய இலையும் புழுக்கையும் கரைந்து, நுரையோடு இறங்கிக்கொண்டிருந்தது. மேல் பாத்திப் பயிர் அதில் கணுக்கால் அளவு நின்றது.

இவர் மூக்கைச் சுளித்தார்.

"தண்ணி ரொம்ப அழுக்கா வருதே. மடைய அடைச்சிடட்டுமா?"

இத்தனை வருஷமும் என்னோடுதான் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மம்மட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மடை வாயை இன்னும் ஒரு சாண் அகலமாக வெட்டிவிட்டேன்.

"வுடுங்க. வரட்டும்" என்றேன்.